விமானி உட்கார்ந்த இடம்

பல்செட் செய்யும் பட்டறையில் வேலை பார்க்கும் அண்ணனுக்கு, ஊரார் வாயில் பல்லை வைத்துவிட்டுத் தன் வாயைத் திறக்காமல் இருப்பது பழக்கம். அதனால்தான் ரிமோட் விமானங்களை அவர் கட்டுவதும் தம்பி ஓட்டுவதுமாக இத்தனை வருஷம் ஓடிவிட்டது. கட்டியவர் மைதானத்து ஓரத்தில் கருவிப் பெட்டியோடு குந்தியிருப்பார். ஓட்டியவன் எல்லோரிடமும் முதுகில் தட்டு வாங்குவான். மூக்கு உடைந்து திரும்பினால் மட்டும் அது அண்ணனோட விமானம்.

இந்தத் தடவை அப்படி இல்லை. "முதல் ஓட்டம் உன்னுதுதாண்ணே. ரிமோட்ட நான் தொடவே மாட்டேன், போதுமா?" என்று தம்பி தானாகவே வாய்விட்டுச் சொல்லியிருந்தான். புது விமானம் முதன்முதலாகத் தரையை விட்டு எழும்புவது அதன் ஆயுசுக்கும் ஒரே தடவைதான். அந்த ஒரு தடவைக்காக அண்ணன் ஆளில்லாத நேரமாகப் பார்த்து மைதானத்துக்குப் போய், ஒட்டுப்போட்ட பழைய விமானம் ஒன்றை வைத்துக் கை பழகும்வரை ரகசியமாக ஓட்டிப் பார்த்தார்.

மிச்சம் இருந்தது மூடி. விமானி உட்காரும் குழிக்கு மேல் கவிழ்க்கிற, கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் மூடி. கொஞ்சம் அதிகமாக வெட்டிவிட்டால் இளித்துக்கொண்டு நிற்கும் என்பதால், நகம் வெட்டுவதுபோல ஓரத்தை இணுக்கு இணுக்காக நறுக்கினார். சோப்புத் தண்ணீரில் கழுவினார். உள்பக்கம் விரல் பட்டால் அந்த ரேகை காலத்துக்கும் அங்கேயே கிடக்கும்.

குழிக்குள் விமானி ஏற்கெனவே ஏறி உட்கார்ந்திருந்தார். பட்டறையில் ஈறு செய்கிற ரோஸ் மாவில் அண்ணனே பிடித்த தலை அது. எட்டிப் பார்த்த மனைவி, "அசப்புல நீங்கதான். அந்தச் சொட்டையக்கூட விடலையே" என்றாள். அண்ணனுக்கு வெட்கமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது.

காய்ந்தால் தெளிந்துவிடும் வெள்ளைப் பசையை ஓரம் முழுக்க இழைத்து, மூடியை உட்காரவைத்து, டேப் ஒட்டி அசையாமல் பிடிக்கவைத்தார். அந்தப் பசைக்கு அவசரம் ஆகாது. ஒரு முழு நாள் விட்டால்தான் இறுகும். மறுநாள் ஞாயிறு, சாயங்காலம்தான் ஓட்டம்.

ஞாயிறு காலை யாரோ ஒரு வாத்தியாருக்கு அவசரமாகப் பல்செட் ஒட்டித்தரப் பட்டறைக்குப் போனவர், மதியம் திரும்பி வந்து பார்த்தால் மேஜை காலி. கீழே டேப்புகள் சுருண்டு கிடந்தன. பக்கத்தில் குயிக் பசை டியூபின் திருகு மூடி உருண்டு கிடந்தது. விமானம் கட்டுகிற எவனும் அந்தப் பசையை விமானி மேல் கவிழ்க்கிற மூடிக்குக் கிட்டே கொண்டுபோக மாட்டான். தொட்டவுடன் பிடிக்கும், ஆனால் அதன் ஆவி உள்ளே போய் பிளாஸ்டிக்கில் வெள்ளையாகப் படிந்துவிடும். துடைத்தாலும் போகாது.

"ஏன் குடுத்த?" என்று மனைவியிடம் கேட்டார்.

"உங்க தம்பி கேட்டு என்னைக்காவது நீங்க இல்லன்னு சொல்லியிருக்கீங்களா, நான் சொல்றதுக்கு?"

அவர் குனிந்து டேப்புகளைப் பொறுக்கினார்.

பொழுது சாய்கிற நேரத்தில் தம்பி தலைகால் புரியாத சந்தோஷத்தோடு வந்தான். விமானத்தை மேஜையில் வைத்தான். மூடி முழுக்கப் புகை மூடியிருந்தது. உள்ளே மனுஷன் இருக்கிறானா, மண்ணாங்கட்டி இருக்கிறதா என்று தெரியவில்லை.

"என்னமா போச்சு தெரியுமாண்ணே. வீடியோ இருக்கு, பாரு."

"முதல் ஓட்டம் என்னுதுன்னு சொன்னியேடா."

"வெளியூர் கிளப் ஆளுங்க காலையிலயே வந்துட்டாங்கண்ணே. அவங்க முன்னாடி நீ ஓட்டி எங்கயாவது குத்திட்டா? அடுத்த வாரம் ஓட்டிக்கயேன், யாரு வேணாங்கிறா."

"மூடி?"

"மூலையில தூக்கிட்டு நின்னுச்சு, ரெண்டு சொட்டு விட்டேன். மேல போனப்புறம் உள்ள யாரு உக்காந்திருக்கான்னு எவன் பாக்கப்போறான்?"

அண்ணன் விமானத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எங்கும் ஒரு கீறல்கூட இல்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. நொறுங்கியிருந்தால் வேறொன்று கட்டலாம், அதற்கு வேறொரு முதல் ஓட்டம் இருக்கும். தான் கட்டிய விமானம் விழுந்து தொலைந்திருக்கக் கூடாதா என்று அன்றைக்குத்தான் முதல்முறையாக நினைத்தார். தம்பி தன்னைக் கிள்ளுக்கீரையாக நினைத்துவிட்டான் என்று வயிறு எரிந்தது. அவனை அப்படி நினைக்கப் பழக்கியது யார் என்று யோசித்தபோது இன்னும் எரிந்தது.

அந்த வாரமே பிளேடால் மூடியை அறுத்து எடுத்தார். விமானியின் முகமும் வெளுத்துப் போயிருந்தது. அவரைப் பெயர்த்து எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். கையில் இருந்த இன்னொரு மூடியை வெட்டி, கழுவி, வெள்ளைப் பசை இழைத்து, காலி இருக்கையின் மேல் அழகாகக் கவிழ்த்தார்.

அடுத்த ஞாயிறு தம்பி வந்தான். மூடிக்குக் கிட்டே மூக்கை வைத்து உள்ளே பார்த்தான்.

"இதாண்ணே உன் கை. உள்ள எல்லாம் எப்படிப் பளிச்சுன்னு தெரியுது பாரு."

அண்ணன் காத்திருந்தார். உள்ளே இருந்த ஆள் எங்கே என்று அவன் கேட்கவில்லை. விமானத்தை ஒரு கையில் தூக்கிக்கொண்டு, "கிளம்புண்ணே, நேரமாச்சு. பெட்டிய எடுத்துக்க" என்றான்.

அண்ணன் கருவிப் பெட்டியை எடுத்து அவனுடைய இன்னொரு கையில் கொடுத்தார். "இனிமே ஒட்டுறதையும் நீயே ஒட்டிக்க."

தம்பி அதை விளையாட்டுப் பேச்சு என்று நினைத்துச் சிரித்தான். இரண்டு கையும் நிறைந்துவிட்டதால், உள்பக்கம் திரும்பி, "அண்ணி, இந்தக் கதவக் கொஞ்சம் தொறந்து விடுங்க" என்றான்.