ரெட்டைத் தட்டு கிளட்ச்

என் தம்பி தெரேய் தன் காரை எனக்குக் கொடுத்த விதம் எனக்குப் பிடிக்கவே இல்லை. சாவியைச் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டு, "நீயே வெச்சுக்க அக்கா. எனக்கு இனிமே எதுக்கு?" என்றான். வேண்டாத சட்டையைக் கழற்றிக் கொடுக்கிற மாதிரி இருந்தது.

அந்த வெள்ளை செஃபிரோ கார்தான் அவனுக்கு உயிர். எங்கள் ஊரான டோக்கோரோவாவில் பாதிப் பேர் காட்டில் மரம் வெட்டுவோம், மீதிப் பேர் அந்த மரத்தை அரைக்கிற ஆலையில் நிற்போம். சனிக்கிழமை வந்தால் எல்லோரும் டயர் புகையில் கூடுவோம். காரைப் பக்கவாட்டில் சறுக்கவிட்டு வளைவைத் தாண்டுகிற ட்ரிஃப்டில் தெரேயை மிஞ்ச எங்கள் ஊரில் ஆள் கிடையாது. இரண்டு வருஷத்துக்கு முன்னால், காட்டில் வெட்டிப் போட்டிருந்த பைன் மரம் ஒன்று உருண்டு வந்து அவன் இடதுகாலை நசுக்கிவிட்டது. கம்பி வைத்துத் தைத்தார்கள். இப்போது நடக்கிறான். ஆனால் கிளட்சை மிதிக்க வேண்டியது அந்த இடதுகால்தானே.

அந்தக் காரின் கிளட்சும் லேசுப்பட்டது இல்லை. ட்ரிஃப்டின்போது வழுக்கக் கூடாதென்று முரட்டு ஸ்ப்ரிங் போட்டு வைத்திருந்தான். நான் மிதித்தாலே தொடை கடுக்கும். ஒருநாள் ஷெட் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். காருக்குள் உட்கார்ந்து பெடலை மிதிக்கிறான். பாதி வரை போகிறது, கால் வெடவெடவென்று நடுங்குகிறது, பெடல் திரும்பி வந்துவிடுகிறது. மறுபடியும் மிதிக்கிறான். சாவி மேசைக்கு வந்தது அதற்கு மறுநாள்.

உனக்காகக் கிளட்சை மாற்றுகிறேன் என்று நேரே சொன்னால் எரிந்து விழுவான். விபத்துக்குப் பிறகு யாராவது கதவைத் திறந்து பிடித்தாலே அவன் முகம் இறுகிப் போகும். அதனால் வாய் கூசாமல் பொய் சொன்னேன்.

"கிளட்சு, ஃப்ளைவீல் ரெண்டையும் மாத்தப் போறேன்டா. அந்தப் பெடலோட என்னால மல்லுக்கட்ட முடியல."

"ஓ, ராணியம்மா ட்ரிஃப்ட் ஓட்டப் போறாங்களா? வேலி, கம்பமெல்லாம் பத்திரம்."

"வாயை மூடு."

ஹாமில்டனுக்குக் கால் பயிற்சிக்கு அவன் போன அன்று, எங்கள் கிளப்பை நடத்துகிற ப்ரெண்டனைக் கூப்பிட்டுக்கொண்டு வேலையில் இறங்கினேன். கியர்பாக்ஸை ஜாக்கியில் தாங்கி இறக்கினோம். எஞ்சினோடு சேர்ந்து சுழல்கிற இரும்புச் சக்கரமான பழைய ஃப்ளைவீல் சூட்டில் அங்கங்கே நீலம் பூத்துக் கிடந்தது. அதைத் தூக்க இரண்டு கையும் போதவில்லை, முழங்காலும் கொடுக்க வேண்டியிருந்தது. புதியதை நான் ஒற்றைக் கையில் எடுத்துவிட்டேன். கிளட்சில் ஒன்றுக்குப் பதில் இரண்டு தட்டு. இரண்டும் பாரத்தைப் பங்கு போட்டுக்கொள்வதால் முரட்டு ஸ்ப்ரிங் தேவைப்படாது, பெடல் இளகிவிடும். விரலின் எண்ணெய்ப் பசைகூடப் படாமல் துடைத்து, போல்ட்டுகளை எதிரெதிராக முறுக்கி மாட்டி முடித்தோம். ஏறி மிதித்துப் பார்த்தேன். பெடல் தானாக இறங்கியது போலிருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது.

"அவன்கிட்ட ஒண்ணும் உளறிடாதே" என்றேன்.

"நான் எதுக்கு உளறப் போறேன்? பாவம் அவன்" என்றான் ப்ரெண்டன். அந்தப் 'பாவ'த்தைக் கேட்டதும் கையிலிருந்த ஸ்பேனரால் ஒன்று போடலாமா என்றிருந்தது.

புதுக் கிளட்சை மாட்டிய கையோடு யாரும் ட்ரிஃப்டுக்கு எடுத்துப் போக மாட்டோம். ஐந்நூறு கிலோமீட்டராவது ஊருக்குள் நின்று நின்று, பூப்போல ஓட்டிப் பழக்க வேண்டும். அவசரப்பட்டால் தட்டு கருகிவிடும். தெரேய் எத்தனையோ பேரை இதற்காகத் திட்டியிருக்கிறான். அதைத்தான் நான் பிடித்துக்கொண்டேன்.

"இந்த வாரம் பூரா ஆலையில எனக்கு ரெட்டை ஷிஃப்ட். நீ ஓட்டிப் பழக்கிக் குடுடா."

"என் காலு..."

"ரேஸா ஓட்டச் சொன்னேன்? பால் வாங்கப் போற மாதிரி போயிட்டு வா."

முனகிக்கொண்டே போனான். திரும்பி வந்ததும் சாவியை என்னிடம் தரவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டு கதவோரம் நின்றான்.

"பெடலை மிதிச்சா உள்ள கடகடன்னு சத்தம் வருது."

"புதுசுல்ல, அப்படித்தான் இருக்கும்."

"ரெட்டைத் தட்டுக்குத்தான் அப்படி இருக்கும்."

நான் உருளைக்கிழங்கு சாலட்டைக் கிளறிக்கொண்டே இருந்தேன்.

"உன் காலுக்கா, என் காலுக்கா?" என்றான்.

"சாப்பாடு எடுத்து வைக்கட்டுமா?"

"பொய் சொல்லத் தெரியலைன்னா எதுக்கு அக்கா சொல்றே?" என்று சொல்லிவிட்டு அறைக்குப் போய்விட்டான். எல்லாம் கெட்டது என்று நினைத்தேன். காலையில் எழுந்து பார்த்தால் ஷெட்டில் கார் இல்லை. அன்று முழுக்கப் பக்கத்து ஊரான புட்டாருரு வரைக்கும் போய்ப் போய் வந்திருக்கிறான். அடுத்த நாளும் அப்படியே.

சனிக்கிழமை டாவ்போ பக்கத்து ட்ரிஃப்ட் மைதானத்துக்குப் போனோம். யார் ஓட்டப் போகிறோம் என்று பேசிக்கொள்ளவே இல்லை. எங்கள் முறை வந்ததும் நான் ஹெல்மெட்டை நீட்டினேன். வாங்கி மாட்டிக்கொண்டான். அதுவரை எல்லாம் சரி. சுற்றியிருந்தவர்களைத்தான் சகிக்க முடியவில்லை. ஒருத்தன் உட்கார நாற்காலி கொண்டு வந்தான். இன்னொருத்தன் குழந்தையிடம் பேசுகிற குரலில், "அவசரமே இல்ல தெரேய், மெதுவா" என்றான். இதே ஆட்கள் முன்பெல்லாம் அவனை 'ஓட்டை வாளி' என்றுதான் கூப்பிடுவார்கள். தெரேய் எல்லோருக்கும் நன்றி சொன்னான். அவன் நன்றி சொல்வதைப் பார்க்க எனக்கு அழுகை வந்தது.

புறப்படும் கோட்டுக்குப் போய் நின்றான். எஞ்சின் உறுமியது. ப்ரெண்டன் கொடியை இறக்கினான். கார் ஒரு குலுங்கு குலுங்கியது, கால் நடுங்கிப் பெடல் நழுவிவிட்டது, எடை குறைந்த புது ஃப்ளைவீல் எஞ்சினைச் சுழலவைக்கப் போதவில்லை. எஞ்சின் பொசுக்கென்று அணைந்தது.

கோட்டில் வண்டி அணைந்தால் எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. மைதானத்தில் இருக்கிற அத்தனை வண்டியும் ஹார்ன் அடிக்கும். அவன் மறுபடி கிளம்புகிற வரை விடாது. பாதிரியாராக இருந்தாலும் தப்ப முடியாது.

ஒருத்தரும் அடிக்கவில்லை. அவ்வளவு கூட்டமும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றது. ஒரு பெண் மெதுவாகக் கைதட்டக்கூட ஆரம்பித்தாள். கண்ணாடி வழியே தெரேயின் ஹெல்மெட் குனிவது தெரிந்தது. இப்போது இறங்கினான் என்றால் இனி எந்தக் காலத்திலும் ஏற மாட்டான்.

பக்கத்தில் ப்ரெண்டனின் வண்டி நின்றிருந்தது. ஜன்னலுக்குள் கையை விட்டு ஹார்னை அழுத்தினேன். அழுத்தியவள் எடுக்கவில்லை. எல்லோரும் என்னைக் கொலைகாரியைப் போலப் பார்த்தார்கள். கைதட்டிய பெண், "உனக்கு மனசே இல்லியா?" என்றாள்.

"டேய் ஓட்டை வாளி! பால் வாங்கவா வந்தே?" என்று கத்தினேன்.

தூரத்தில் ஒரு ஹார்ன் கேட்டது. பிறகு இன்னொன்று. பிறகு மைதானமே சேர்ந்து அலறியது. ஹெல்மெட் நிமிர்ந்தது. ஜன்னல் வழியே ஒரு கை வெளியே வந்து எங்கள் எல்லோருக்கும் நடுவிரலைக் காட்டியது. எஞ்சின் மறுபடி பிடித்தது.

முதல் வளைவில் கிளட்சை உதைத்துக் காரைப் பக்கவாட்டில் போட்டான் பாருங்கள், புகையில் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாவது வளைவில் புல்லுக்குள் போய்ச் சுழன்று நின்றான். அதற்கும் ஹார்ன் அடித்தார்கள். திரும்பி வந்து கண்ணாடியை இறக்கினான். கண்ணிலிருந்து கொட்டியதைத் துடைக்கக்கூட இல்லை.

"மொதல்ல அடிச்சது யாருடா?"

ப்ரெண்டன் கொஞ்சமும் யோசிக்காமல் என்னைக் காட்டிக் கொடுத்தான்.

"கூடப் பொறந்தவளா நீ? நாசமாப் போறவளே!"

"சரி சரி, எறங்கு. அடுத்து நான் ஓட்டறேன்."

"போ அக்கா" என்றான். "என் காரு இது."