அடுப்புச் சுவருக்கு நாலு டைல்

குஜராத்தின் டைல் ஊரான மோர்பியில் மாட்டுக் கொட்டகைக்குக்கூட டைல் ஒட்டியிருப்பார்கள். ஜெராம்பாய் வீட்டு அடுப்புச் சுவர் மட்டும் பதினோரு வருஷமாக வெறும் பெயிண்ட். தாளிக்கிற எண்ணெய் தெறித்துத் தெறித்து, அது என்ன நிறம் என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை. இத்தனைக்கும் மனிதர் டைல் ஆலையில் தரம் பிரிப்பவர். நிறம் இம்மி மாறினாலும் பிடித்துவிடுவார் என்று இருபத்தாறு வருஷமாகப் பெயர். அந்தப் பெயர்தான் வீட்டுக்கு வினையாகப் போயிற்று. எந்த டைலைக் கொண்டுவந்தாலும் இதில் புள்ளி, அதில் கோணல் என்று திருப்பி அனுப்பிவிடுவார்.

இரண்டு மாதமாக எதுவோ சரியில்லை. ஒரே நிறம் என்று அவர் பிரித்து அனுப்பிய ஒரு லாரி சரக்கு, பெட்டிக்குள் இரண்டு நிறம் கலந்திருக்கிறது என்று திரும்பி வந்தது. ஜெராம்பாய் பிரித்துப் பார்த்தார். எல்லாம் ஒன்றாகத்தான் தெரிந்தது. வாங்கியவனுக்குப் பைத்தியமா, ஆலை விளக்கில் கோளாறா, ஒன்றும் விளங்கவில்லை. இன்னொரு லாரி திரும்பினால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வேன் என்று மேலாளர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். அதைப் பற்றி மனைவி முக்தாபென்னிடம்கூட அவர் மூச்சு விடவில்லை.

முக்தாபென்னுக்கு வேறு அவசரம். நாளை சீதளா சப்தமி. வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் வீட்டில் அடுப்பு பற்றவைக்க மாட்டார்கள். ஒட்டிய சிமெண்ட் சூடு படாமல் காய வேறு நாள் ஏது? நாளைக் காலையிலேயே கொத்தனார் சோமாவை வரச் சொல்லியாயிற்று. எந்த டைல் என்று சொன்னால் போதும், எதிர்த் தெருக் கடையில் அவரே எடுத்து வந்துவிடுவார்.

நாளைக்கும் சேர்த்து இன்றே சமைக்க வேண்டும். அவள் கடையிலிருந்து வாங்கி வந்த நாலு மாதிரி டைல்களை அடுப்புக்குப் பின்னால் சாய்த்து வைத்துவிட்டு, பூரி, வடை, தேப்லா ரொட்டி என்று மத்தியானம் வரை சுட்டுத் தள்ளினாள். நாலின் மேலும் மஞ்சளும் எண்ணெயுமாகத் தெறித்தது. பிறகு சோப்புப் போட்டுத் தேய்த்து, சமையலறை மேடையில் வரிசையாக அடுக்கினாள்.

"எதுல கறை நிக்கலையோ அத எடுத்துக் குடுங்க. ஊருக்கே தரம் பாக்குற கண்ணாச்சே."

ஜெராம்பாய் ஒவ்வொன்றாகத் தூக்கினார். திருப்பினார். விரல் முட்டியால் தட்டினார். சத்தம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் நாலும் ஒன்றுபோல, ஆறிப்போன டீ மாதிரி மங்கலாக இருந்தன. கடைசியில் குத்துமதிப்பாக மூன்றாவதை நீட்டினார்.

"இதான். ஒரு பொட்டுக் கறை இல்ல பாரு. பால் மாதிரி வெள்ளை."

முக்தாபென் சிரித்துவிட்டாள். "கிண்டலா? பாதி டைல் மஞ்சளா நிக்குது!"

"மஞ்சளா? எங்க?"

"சரி, மத்த மூணும்?"

"எல்லாமே வெள்ளைதானே?"

"ரெண்டாவது இளநீலங்க."

அவருக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. "இருட்டுக்குள்ள நிக்க வெச்சு என்னைப் பரீட்சையா பண்ற? மொதல்ல லைட்டப் போடு!"

அவள் சிரிப்பு நின்றது. அண்ணாந்து பார்த்தாள்.

"காலையிலேர்ந்து எரிஞ்சிட்டுத்தான் இருக்கு."

ஜெராம்பாயும் அண்ணாந்து பார்த்தார். கோளாறு ஆலை விளக்கில் இல்லை, அவர் கண்ணில். அப்புறம்தான் லாரி திரும்பிய கதை முழுக்க வெளியே வந்தது.

"ரெண்டு மாசமா வாயத் தொறக்கலையே, நான் என்ன பக்கத்து வீட்டுக்காரியா?" என்று அவள் பொரிந்தாள். "கண்ணுல புரையாத்தான் இருக்கும். ராஜ்கோட்ல போய்க் காட்டுவோம்."

"ஆலையில தெரிஞ்சா அவ்வளவுதான் முக்தா. யார்கிட்டயும் சொல்லிடாத."

மறுநாள் குளிர்ந்த அடுப்புக்குக் குங்குமம் வைத்துக் கும்பிட்டு முடிக்கையில் சோமா வந்தார். அவருடைய மைத்துனன் அதே ஆலையில்தான் வேலை செய்கிறான். சோமாவிடம் காலையில் சொன்னால் சாயங்காலம் ஆலை வாசலில் கேட்கலாம்.

"என்ன ஜெராம்பாய், பதினோரு வருஷத்துல ஒரு டைலாவது பாஸ் ஆச்சா? நீங்க கையக் காட்டுங்க, நான் வேலைய ஆரம்பிக்கிறேன்."

ஜெராம்பாய் நாலையும் மாறி மாறிப் பார்த்தார். முக்தாபென் குறுக்கே வந்தாள். "இன்னிக்கு வேணாம் சோமாபாய். ஒண்ணும் மனசுக்குப் பிடிக்கல. அடுத்த சப்தமிக்குப் பாத்துக்கலாம்."

இன்னும் ஒரு வருஷம் இந்தப் பிசுக்குச் சுவரோடு மல்லுக்கட்டத் தயாராகிவிட்டாள், அவர் மானத்தைக் காப்பாற்ற. சோமாவும் கொத்துக் கரண்டியைப் பைக்குள் போட்டார். ஜெராம்பாய் அந்தப் பையைப் பிடித்துக்கொண்டார்.

"நில்லு சோமா. எனக்கு நாலும் ஒண்ணாத்தான் தெரியுது. கண்ணு மங்கிப்போச்சு. அவ காட்டுறத ஒட்டு."

சோமா விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை. "டாக்டர்கிட்ட காட்டுனீங்களா ஜெராம்பாய்?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார்.

முக்தாபென் இளநீல டைலை எடுத்துக் கணவர் கையில் வைத்தாள். "இது எப்படி இருக்கு, சொல்லுங்க."

அவர் விரலை ஓரத்தில் ஓட்டினார். ஒரு மூலையில் விரல் நின்றது. "இங்க லேசா உடைஞ்சிருக்கு. ரெண்டாந்தரம்."

"இருந்துட்டுப் போகுது," என்றாள் அவள். "சோமாபாய், மொதல்ல இதையே ஒட்டுங்க."