அவன் குரலுக்குப் பழகிய நாய்

வேலை பார்த்த அச்சகத்தை இழுத்து மூடிய பிறகு அவள் கணவன் கட்டிலை விட்டு எழுவதே அரிதாகிவிட்டது. மெஷின் ஓட்டிய கைகள் சும்மா கிடந்து மரத்துப்போயின. மருத்துவமனையில் டயாலிசிஸ் பிரிவில் நர்ஸாக இருந்த அவள், காலையில் மூடிவைத்துப்போன சாப்பாட்டைச் சாயங்காலம் வந்து கொட்டுவாள். மாத்திரை, அறிவுரை எல்லாம் பார்த்தாயிற்று. கடைசியில்தான் நாய் வளர்க்கும் யோசனை வந்தது.

நாய்கள் காப்பகத்தில் அவள் கேட்டது சின்னதாக ஒன்று. அங்கிருந்த பெண் காட்டியதோ, போன வீட்டிலிருந்தெல்லாம் திருப்பி அனுப்பப்பட்ட ஒரு பூதம். இடுப்பு உயரம். ஓரிடத்தில் நிற்காது, கம்பியைப் பிறாண்டும், சங்கிலியைப் பிடித்தவரைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு ஓடும். தினமும் ஓடவிட வேண்டும், பயிற்சியை ஒருநாளும் விடக்கூடாது, ஆயுசுக்கும் வேலை வைக்கும் என்று அந்தப் பெண் எச்சரித்தாள். அந்த எச்சரிக்கைதான் அவளுக்குப் பிடித்துப்போனது. வீட்டில் ஒருவனுக்கு வேலை வேண்டியிருந்ததே.

வந்த வேகத்தில் சோபாவின் பஞ்சு கூடமெங்கும் பறந்தது. கணவன் போர்வைக்குள்ளிருந்து, "இந்தக் கன்னுக்குட்டிய எதுக்குக் கூட்டிட்டு வந்த?" என்றான். அவன் எதையாவது கேட்டே எத்தனையோ மாதமாகியிருந்தது. கன்னுக்குட்டி என்பதே பெயராக நிலைத்துவிட்டது.

விடிந்ததும் அது அவன் போர்வையை உருவிப் போட்டது. வேறு வழியில்லாமல் எழுந்தான். பூங்காவில் நாய்களைப் பழக்கும் பயிற்சியாளரிடம் போய்க் கற்றுக்கொண்டான். உட்கார், நில், விடு, எல்லாமே தாழ்ந்த ஒரே குரலில். கொஞ்சம் கொஞ்சமாக நாய் அந்தக் குரலுக்குக் கட்டுப்பட்டது. அவனும் சவரம் செய்துகொண்டான், வாய்விட்டுப் பேசினான். டாக்டரால் ஆகாததை நாய் சாதித்துவிட்டது என்று அவள் வார்டு முழுக்கச் சொல்லிப் பூரித்தாள்.

பூங்காவில் பழக்கமான ஒருவர் வெளியூரில் ஓர் அச்சகத்தில் வேலை வாங்கிக் கொடுத்தார். வீடு பார்த்துவிட்டுக் கூப்பிடுகிறேன் என்று கிளம்பினான். அவளே பெட்டி அடுக்கிக் கொடுத்தாள். தினமும் வந்த போன் வாரத்துக்கு ஒன்றாகத் தேய்ந்தது. ஒருநாள் அவனே சொல்லிவிட்டான்.

"நான் திரும்பி வரல. உன்மேல ஒரு தப்பும் இல்ல. அந்த வீட்ட நெனச்சாலே மறுபடியும் படுத்துருவேனோன்னு பயமா இருக்கு."

"அப்ப நான் அங்க வரேன்."

வேலைக்கு நேரமாச்சு என்று அவன் போனை வைத்துவிட்டான். அவளுக்குப் புரிந்துவிட்டது. நாய் அவனை எழுப்பிவிட்டது. எழுந்தவன் அப்படியே நடந்துவிட்டான்.

அவள் சொன்ன எதற்கும் கன்னுக்குட்டி செவிசாய்க்கவில்லை. அவன் சொன்ன அதே வார்த்தைகளைச் சொன்னாலும் அவள் தோளுக்குப் பின்னால் வாசலைப் பார்த்தது. ஒருநாள் நடைபாதையில் இழுத்துத் தள்ளியதில் முழங்கை கிழிந்து, தையல் போடும்படி ஆனது. பார்க்க வந்த அக்காவுக்குப் பொறுக்கவில்லை.

"கட்டினவனே போயாச்சு. இதக் கட்டிக்கிட்டு ஏண்டி மாரடிக்கிற? கொண்டுபோய் விட்டுட்டு வா."

கொண்டுபோனாள். காப்பக வாசல் வரைக்கும் இழுத்த நாய், உள்ளே நுழைந்ததும் சங்கிலியைத் தளர்த்தியது. தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நேரே பழைய கூண்டுக்கு முன்னால் போய், கதவு திறக்கட்டும் என்று நின்றது. "அதுக்குப் பழகிப்போச்சு" என்று அந்தப் பெண் மெல்லச் சொன்னாள்.

வார்டில் நோயாளிகள் சிலர், கேட்பதற்கு முன்பே ஊசிக்குக் கையை நீட்டிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். இத்தனை வருஷமாகியும் அதைப் பார்க்க மட்டும் அவளுக்கு மனம் பழகவில்லை. சங்கிலியைக் கொடுக்காமல், நாயோடு திரும்பினாள்.

அவர் குரலை நகல் எடுக்காதீர்கள், உங்கள் குரலிலேயே முதலிலிருந்து தொடங்குங்கள் என்றார் பயிற்சியாளர். சில காலைகளில் அவள் சொன்னதும் உட்காருகிறது. பல காலைகளில் இல்லை.

விடுமுறை நாளொன்றில் அவன் போன் செய்தான். அவளைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. கன்னுக்குட்டி எப்படி இருக்கிறது, போனை அதன் காதருகே வைக்க முடியுமா என்றான். ஓடிக் களைத்து, அது அவள் காலடியில் மோவாயைத் தரையில் வைத்துக்கொண்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. அவன் குரல் காதில் விழுந்தால் மறுபடியும் வாசலிலேயே தவம் கிடக்கும். போனைக் காதோடு அழுத்திக்கொண்டு எழுந்து, சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

"அது தூங்குதுங்க" என்றாள்.