ஈரக் கம்பளியின் எடை

மழையில் ஊறிய கம்பளியோடு சேர்த்துத்தான் குழந்தையை எடை போட்டாள் நர்ஸ் பவித்ரா. பதினாலு கிலோ.

கம்பளிக்குக் கழிப்பாள் என்று சசிகலா காத்திருந்தாள். எஸ்டேட்டில் காப்பிப் பழம் நிறுக்கும்போது, சாக்குக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு என்று கணக்கு எழுதும் ரைட்டர் கழிக்காத நாளே கிடையாது. காய்ந்த சாக்குக்கும் ஈரம் கழிப்பான் அந்த ஆள். அதைக் கேட்கப் போய்த்தான் போன மாசம் அவளுக்கு வேலை போயிற்று. ஆஸ்பத்திரிக்காரர்களுக்குக் கழிக்கத் தெரியாமலா இருக்கும் என்று அவள் வாயைத் திறக்கவில்லை.

பவித்ரா கழிக்கவில்லை. போனில் டாக்டரிடம் பதினாலு என்றே சொன்னாள். அவர் சொன்ன அளவுக்கு வலிப்பு மருந்தை ஊசியில் உறிஞ்சினாள்.

ரெண்டு வயசு மகள் கௌரி காய்ச்சலில் கொதித்துக்கொண்டு கிடந்தாள். மாரமங்கலத்திலிருந்து பஸ்ஸில் வரும்போதே கையும் காலும் ஒரு தடவை வெட்டி இழுத்துவிட்டது.

"சிஸ்டர், கம்பளிக்குக் கழிக்கலீங்களே. அங்கன்வாடில பாப்பா பத்து கிலோதானுங்க இருந்துச்சு."

"கழிக்கறதுக்கு இது என்ன காப்பி மூட்டையாம்மா? கைய எடு."

"எடை கூடினா மருந்தும் கூடுமில்லீங்க?"

"ஊசி வேண்டாம்னா கையெழுத்துப் போட்டுட்டுத் தூக்கிட்டுப் போ. சேலத்துல பாத்துக்க."

எப்படிப் போவது? மலைப்பாதையில் மரம் விழுந்து, சேலம் பஸ்களை அடிவாரத்திலேயே நிறுத்திவிட்டார்கள். ஊசி போடாவிட்டால் வலிப்பு திரும்பும். போட்டால்?

புருஷன் முருகன் அவள் முழங்கையைப் பிடித்து அழுத்தினான். "ரைட்டர்கிட்ட வாயாடி வேலைய உட்ட. இங்கயும் வாயாடிப் புள்ளைய உட்டுறாத."

இவனுக்கும் பயம்தான். பயந்தவன் பிடி இரும்பாக இருந்தது. சசிகலா திமிறிக் குழந்தையை வாரி எடுத்தாள். கம்பளியை உருவித் தரையில் போட்டாள். குளிரில் வீறிட்ட பிள்ளையை எடை மெஷினில் வைத்தாள்.

பத்து கிலோ. கூடக் கொஞ்சம்.

பவித்ரா பார்த்தாள். மறுபடி டாக்டருக்குப் போன் போட்டாள். ஊசியிலிருந்த மருந்தில் கொஞ்சத்தை வாளியில் பீய்ச்சினாள். "இப்பத் திருப்தியா?" என்றாள். ஊசியைப் போட்டுவிட்டு விறுவிறுவென்று தன் அறைக்குப் போய்விட்டாள்.

"ஆச்சில்ல? இனி வாயத் தொறந்த, பாரு" என்றான் முருகன்.

பக்கத்துக் கட்டிலில் கிளியூர்க்காரி சின்னத்தாயி. மடியில் மகன், அவனும் ஈரக் கம்பளிக்குள்ளேதான்.

"நொம்ப துணிச்சல் கண்ணு உனக்கு" என்று மெல்லச் சிரித்தாள். "நாங்கல்லாம் சரிங்க சரிங்கன்னு தலையாட்டறதுதான்."

"ஏனுங்க அக்கா, தம்பியையும் கம்பளியோடதான் எடை போட்டாங்களா?"

"ஆமா. இவனுக்கும் வலிப்புதான். அதே ஊசி. நல்ல ஊசி கண்ணு அது. ஊட்டுல ராத்திரியெல்லாம் ஒரே கத்தல். ஊசி போட்டதுலருந்து அசையவே இல்ல பாரு, எப்படித் தூங்கறான்!"

சசிகலா குனிந்து பையனின் மூக்கடியில் விரலை வைத்தாள். மூச்சு நூலாக, விட்டு விட்டு வந்தது. உதடு நீலம் பூத்திருந்தது.

முருகனின் கை அவள் வாயைப் பொத்த வந்தது. கடித்தாள்.

"சிஸ்டர்! ஓடியாங்க சிஸ்டர்!"