வால் சுருங்காத மஞ்சள்

"இந்த மஞ்சளைத் தூக்கிடலாமா மேடம்? மத்ததெல்லாம் ஒழுங்கா இருக்கு. இது ஒண்ணுதான் சண்டித்தனம் பண்ணுது."

கேட்டவளுக்கு ஆய்வுக்கூடத்தில் 'அவசரம்' என்று பெயர். முனைவர் பட்டத்தின் கடைசி வருடம். நடந்துகொண்டே சாப்பிடுவாள், சாப்பிட்டுக்கொண்டே தட்டச்சு செய்வாள். அந்த ஆய்வுக்கூடத்தின் தலைவிக்கும் ஒரு பட்டப்பெயர் இருந்தது. அவள் இல்லாத நேரத்தில் எல்லோருக்கும் அவள் 'ஏன் மேடம்'. காபி ஆறிப்போனாலும் ஏன் ஆறியது என்று கேட்கிற ஜென்மம். இப்போதும் அதைத்தான் கேட்டாள்.

"ஏன்?"

"ஏன்னு தெரிஞ்சா நான் எதுக்கு மேடம் தூக்கச் சொல்றேன்?"

நியாயமான பதில்தான். ஆனால் ஏன் மேடம் அதற்குள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு நுண்ணோக்கியில் கண்ணை வைத்துவிட்டாள். இனி அவளை அங்கிருந்து கிளப்புவது லேசில் நடக்காது.

இருட்டில் பச்சைப் பச்சையாக ஒளிர்ந்தன உயிரணுக்கள். ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த அணுக்களின் மேல் கொஞ்சம் எக்ஸ் கதிரைப் பாய்ச்சினால் உள்ளே இருக்கும் டி.என்.ஏ. இழை அங்கங்கே அறுந்துபோகும். பிறகு மின்சாரத்தில் ஓடவிட்டால் அறுந்த துண்டுகள் மட்டும் வெளியே வழிந்து வால் போல நீளும். உருண்டைத் தலை, பின்னால் வால், வால்நட்சத்திரமேதான். அணுக்களைச் சற்று நேரம் வெதுவெதுப்பில் வைத்திருந்தால் அவை தங்கள் இழையைத் தாங்களே ஒட்டுப்போட்டுக்கொள்ளும். அதற்குப் பிறகு பார்த்தால் வால் சுருங்கி, வெறும் தலைதான் மிஞ்சும். புற்றுநோயாளிகளின் வால் எவ்வளவு மெதுவாகச் சுருங்குகிறது, ஆரோக்கியமானவர்களுக்கு எவ்வளவு வேகம் என்பதுதான் ஆராய்ச்சி. மஞ்சள் வில்லை ஒட்டின ரத்தம், ஆரோக்கியமானவர்கள் பட்டியலில் இருந்தது. இரண்டு மணி நேரம் கழித்தும் வாலை நீட்டிக்கொண்டு கிடந்தது.

"அழகா இருக்கு," என்றாள் ஏன் மேடம்.

அவசரத்துக்கு அழுகை வரும்போல இருந்தது. இந்த வாரம் கட்டுரை போயாக வேண்டும்.

"உறைய வெச்ச மிச்சம் இருக்கில்ல? அதை எடுத்து இன்னொரு தடவை ஓட்டு. எதையும் தூக்கக் கூடாது."

இன்னொரு தடவை ஓட்டினார்கள். அதே வால். எக்ஸ் கதிர் இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ளும் மெஷின் அண்ணன், தன் இயந்திரத்தின் மேல் பழி விழுந்துவிடக் கூடாதே என்று மூன்றாவது முறை தானே கூட நின்று ஓட்டினார். அப்போதும் அதே வால். ஏன் மேடத்துக்குக் குஷி தாங்கவில்லை. முப்பது வருடமாக இந்த ஒட்டுவேலையைத்தான் அவள் பார்த்துக்கொண்டிருக்கிறாள். பேட்டி எடுக்க வருகிறவர்கள் தவறாமல், "வீட்ல யாருக்காவது கேன்சர் இருந்துச்சா மேடம்?" என்று கேட்பார்கள். இல்லை என்றால் அவர்கள் முகம் சுருங்கிவிடும். கண்ணீர்க் கதை எதுவும் அவளிடம் கிடையாது. ஒவ்வொரு அணுவிலும் தினமும் ஆயிரக்கணக்கான இடங்களில் இழை பழுதாகிறது, யாரும் சொல்லாமலே அது சரியாகிறது என்று கல்லூரியில் ஒரு மதியம் படித்தாள்; அன்றைக்குப் பிடித்த பைத்தியம் இன்னும் தெளியவில்லை, அவ்வளவுதான்.

வீட்டுக்குப் போகும் வழியில்தான் அந்தக் கேள்வி உறைத்தது. மஞ்சள் யார்?

ஆரோக்கியமான ரத்தத்துக்கு அவர்கள் வெளியே அலைவதில்லை. ஆய்வுக்கூடத்து ஆட்களே சட்டைக் கையை மடித்துவிட்டு நீட்டிவிடுவார்கள்; ஒரு குழாய் ரத்தத்துக்குக் கூலி ஒரு காபி. யாருடையது எது என்று தெரிந்தால் அளக்கிற கண் ஓரவஞ்சனை செய்யும். அதனால் ஒரு டப்பாவிலிருந்து ஆளுக்கொரு வண்ண வில்லையை எடுத்துத் தங்கள் குழாயில் தாங்களே ஒட்டிக்கொள்ள வேண்டும், வண்ணத்தை வெளியே சொல்லக் கூடாது. விதி போட்டவள் அவளேதான். கொடுத்தவர்கள் ஐந்து பேர். அவளும் அதில் ஒருத்தி. அளப்பவளும் அவளே என்பதால், தன் வில்லையைக் கண்ணை இறுக மூடிக்கொண்டுதான் எடுத்தாள், தடவிப் பார்த்துத்தான் ஒட்டினாள்; எந்த வண்ணம் என்று அவளுக்கே தெரியாது. அந்தக் கறார்த்தனத்தை நினைத்து அன்றைக்கு அவளுக்கு ஏகப்பட்ட பெருமை.

மறுநாள் எல்லோரையும் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னாள். மஞ்சள் ஒட்டினவர் விருப்பமிருந்தால் தனியாக வந்து சொல்லலாம், இது நோய் இல்லை, புற்றுநோய் வரும் வாய்ப்பு மட்டும் கொஞ்சம் கூடுதல், வருஷத்துக்கொரு தடவை பரிசோதனை செய்துகொண்டால் நல்லது, பிள்ளைகளுக்கும் இது போயிருக்க வாய்ப்பு உண்டு. சொல்லி முடிப்பதற்குள் அறையில் ஒருவர் முகத்திலும் ஈயாடவில்லை.

முதலில் வந்தவள் அவசரம்தான். "நான் மஞ்சள் இல்ல மேடம்!" கதவைத் திறப்பதற்கு முன்பே சொல்லிவிட்டாள். மத்தியானம் மெஷின் அண்ணன் வந்து கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "நான் நீலம்தாம்மா. ரெண்டு பசங்களுக்கும் போன் பண்ணிச் சொல்லிட்டேன்." நீலத்துக்கு எதற்குப் போன் என்று அவள் கேட்கவில்லை. சாயங்காலம் புள்ளிவிவரம் பார்க்கிறவர் எட்டிப் பார்த்து, தான் சிவப்பு என்று சொல்லி, சொன்னதற்காக மன்னிப்பும் கேட்டுவிட்டுப் போனார்.

மிச்சம் இரண்டே பேர். அவள். அப்புறம் ஊசி.

ஊசி அவளோடு ஒன்றாகப் படித்தவன், இருபது வருடமாக அதே ஆய்வுக்கூடத்தில் இருப்பவன். வலிக்காமல் ரத்தம் எடுப்பான் என்பதால் அந்தப் பெயர். வாய் மட்டும் நன்றாகவே குத்தும். அவனாக இருக்கட்டும் என்று மனது சொன்னது. சட்டென்று, தெளிவாக, வெட்கமே இல்லாமல் சொன்னது. அவனுக்குப் பிள்ளைகுட்டி இல்லையே என்று ஒரு காரணத்தையும் கூடவே எடுத்துக் கொடுத்தது. ஏன் மேடத்துக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. முதலில் அழகாகத் தெரிந்த வால் இப்போது அவளைப் பயமுறுத்தியது.

அந்த நேரம் பார்த்து மகள் போன் செய்தாள். "அம்மா, என் மூக்கு உன் மூக்கு மாதிரியே இருக்குன்னு ஆபீஸ்ல கிண்டல் பண்றாங்க. வேற நல்லதா எதையும் குடுத்திருக்கக் கூடாதா நீ?"

"வேற என்ன குடுத்திருக்கேன்னு பார்த்துட்டுச் சொல்றேன்டி," என்று போனை வைத்தாள்.

ஊசி கதவைத் தட்டாமல் உள்ளே வந்து, எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, மேஜை மேலிருந்த பேனாவை எடுத்து உருட்டினான்.

"நான்தான் மஞ்சள்," என்றான்.

அவள் அவன் காதைப் பார்த்தாள். பொய் சொன்னால் அவனுக்குக் காது சிவந்துவிடும். பரீட்சைக்கு வராமல் காய்ச்சல் என்று சொன்ன காலத்திலிருந்தே அப்படித்தான். இரண்டு காதும் செக்கச்செவேல் என்றிருந்தன.

அப்போதுதான் அவளுக்குப் பளிச்சென்றது. ரத்தம் எடுத்தவன் இவன். குழாயைக் கையில் கொடுத்துவிட்டு எதிரிலேயே நின்றுகொண்டிருந்தவன் இவன்.

"அன்னிக்கு வில்லை ஒட்டும்போது நான் கண்ணை மூடிக்கிட்டேன்," என்றாள் மெதுவாக. "நீ மூடலையே?"

ஊசி பேனாவை உருட்டுவதை நிறுத்தினான்.

"இத்தனை வருஷம் விஞ்ஞானம் படிச்சு என்ன பிரயோஜனம்! நான் கண்ணை மூடினா ஊர் உலகத்துக்கே தெரியாதுன்னு நினைச்சிருக்கேன் பாரு." அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கும்போதே கண்ணும் கலங்கியது.

"இதோ பாரு, அது வந்து—"

"சொல்லாதே."

"இல்லம்மா, நான் என்ன சொல்றேன்னா—"

"வாயைத் திறந்தே, கொன்னுடுவேன். உன் வாயால கேக்கிறதுக்கா முப்பது வருஷம் இதைப் படிச்சேன்? நானே பார்த்துக்கிறேன்." சட்டைக் கையை மடித்து மேஜைமேல் கையை நீட்டினாள். "எடு. உன்னுதும் ஒரு குழாய் எடுத்துக்கோ. பக்கத்துல வெச்சுப் பார்க்க ஒண்ணு வேணும்."

அவன் எடுத்தான். அன்றைக்குத்தான் முதல் தடவையாக அவளுக்கு வலித்தது. அவன் கை அவன் பேச்சைக் கேட்கவில்லை. டப்பாவிலிருந்து அவன் வில்லை எடுக்கப் போனபோது அவள் தடுத்து, தன் குழாயில் தன் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதினாள். அவன் குழாயில் ஊசி என்றே எழுதினாள்.

மெஷின் அண்ணன் எதுவும் கேட்காமல் கதிரைப் பாய்ச்சிக் கொடுத்தார். அணுக்கள் வெதுவெதுப்பில் இருந்த இரண்டு மணி நேரமும் இருவரும் வராந்தாவில் காபி குடித்தார்கள். அவன் காது மெல்ல மெல்லப் பழைய நிறத்துக்கு வந்தது. மறுநாள் காலை நுண்ணோக்கியில் வைக்கும் கண்ணாடித் தகடுகள் தயாராகிவிட்டன.

இருட்டறையில் முதலில் அவனுடையதை வைத்துப் பார்த்தாள். உருண்டை உருண்டையாகத் தலைகள். ஒன்றில்கூட வால் இல்லை. சுத்தம். பரவாயில்லை, இவன் தப்பித்தான் என்று அவளுக்கு உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது. முந்தின நாள் நினைத்ததற்கு அது கொஞ்சம் ஆறுதலாகவும் இருந்தது.

அடுத்து தன்னுடையதைப் பொருத்தினாள். பின்னால் ஊசி மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பது தெரிந்தது.

"வேண்டாம்னா விட்டுடலாம்," என்றான்.

"ஏன்?" என்றாள் அவள், பழக்க தோஷத்தில். பிறகு, பதிலுக்குக் காத்திராமல், குனிந்து கண்ணை வைத்தாள். ஒன்றும் புரியாத பச்சை மூட்டம். விரல் திருகைத் தேடிப் பிடித்தது. கொஞ்சம் திருகினாள், இன்னும் கொஞ்சம். மூட்டம் உள்ளே இழுபட்டுத் திரண்டுகொண்டே வந்தது. தலைதான் முதலில் தெரிந்தது.