ரிவர்ஸில் வந்த கடல்

கலீல் ரகுமானின் வேனுக்குள் கடல் முதன்முதலாக ஏறியது ஆனி மாதத்து இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை. அன்று பூந்தமல்லியில் டீசல் லிட்டர் தொண்ணூற்றிரண்டு ரூபாய், தக்காளி கிலோ முப்பது. வாசலில் நிறுத்தியிருந்த வண்டியின் பின்கதவைத் திறந்தபோது கணுக்கால் அளவுத் தண்ணீர் கொட்டியது. கடைசி சீட்டுக்கு அடியில் இரண்டு நண்டுகள் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டிருந்தன. ரேடியேட்டர் ஒழுகுகிறது என்றுதான் முதலில் நினைத்தான். ஒரு சொட்டை நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, யாரிடமும் மூச்சு விடாமல் துடைத்துப் போட்டான். அவன் போய்வந்த கடற்கரை அங்கிருந்து நாற்பது கிலோமீட்டருக்கு மேல்.

பன்னிரண்டு வருடமாக அவனுக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் ஏழுபனைக்குப்பம்தான். திருவேற்காட்டிலும் ஐயப்பன்தாங்கலிலும் ஆளை ஏற்றிக்கொண்டு பத்து மணிக்குக் குப்பத்தில் இருப்பான். அவனைப் போல் வண்டி ஓட்ட ஆளில்லை என்பதற்குக் காரணம் ஒன்றுதான். ஈர மணல் கெட்டியாக இருக்கும் தடம் அவனுக்குத் தெரியும். அதன் வழியே ரிவர்ஸில் போய், பின்சக்கரம் நனையும் இடத்தில் நிறுத்திப் பின்கதவைத் திறப்பான். முட்டிவலிக்காரர்களும் பிள்ளைத்தாய்ச்சிகளும் படியில் உட்கார்ந்தபடியே அலையில் கால் நனைப்பார்கள். கடைசி சீட்டு அவன் மனைவி ஷரீஃபுன்னிசாவுக்கு. பதினோரு வருடத்துக்கு முன் குமணன்சாவடியில் லாரி உரசிப் போனதிலிருந்து அவளுக்கு இரண்டு காலும் விளங்காது. வாரம் ஆறு நாளும் அவள் வாழ்ந்தது அந்தப் படியில் உட்காரும் மூன்று மணி நேரத்துக்காக. மாலை ஐந்தரைக்கு அவன் ஒவ்வொரு தலையாகத் தொட்டு எண்ணிக்கொண்டே வருவான். கடைசியாக அவள் உச்சந்தலையில் கை வைத்த பிறகுதான் சாவியைத் திருப்புவான்.

பங்குனியில் குப்பத்து வழியில் சங்கிலி வந்தது. மணலில் வண்டி இறங்கக் கூடாது, ஆமை முட்டையிடும் இடம் என்று பலகை வைத்தார்கள். வண்டியை மெயின் ரோட்டில் விட்டு ஒன்றரை கிலோமீட்டர் நடக்க வேண்டும். நியாயமான உத்தரவுதான், அதைக் குறை சொல்ல வாயில்லை. அதற்கு முந்தைய வாரம் பின்சக்கரத்துக்கு அடியில் ஏதோ நொறுங்கியதைக் கலீல் ரகுமான் தன் காதால் கேட்டிருந்தான். தலை எண்ணியாகிவிட்டது, இருட்டப் போகிறது என்று இறங்கிப் பார்க்காமல் வந்துவிட்டான். அந்தச் சத்தம் அவன் வயிற்றிலேயே தங்கிவிட்டது. உத்தரவுக்குப் பிறகு ஃபிளாட்டுக்காரர்கள் ஏசி மாலுக்குப் போனார்கள். குப்பத்தில் மீன் வறுவல் கடை போட்டிருந்த கண்ணம்மாவுக்கு ஒரு நாளைக்கு நாற்பது தட்டு போனது நாலு தட்டாயிற்று. குளிக்க நல்ல தண்ணீர் விற்றவர்கள் கூலி வேலைக்குப் போனார்கள். ஒருமுறை கலீல் ரகுமான் மனைவியை முதுகில் தூக்கிக்கொண்டு நடந்தான். பாதி வழியில் அவனுக்கு மூச்சு வாங்கியது. "திரும்புங்க. உங்க உசுர வாங்கிகினு பாக்குற கடலு எனக்கு வாணாம்" என்றாள் அவள். அதன் பிறகு கடல் என்ற பேச்சையே அவள் எடுக்கவில்லை, சோறும் பாதியாகக் குறைந்தது.

ஆனி மூன்றாம் ஞாயிறு கடல் தெருவுக்கே வந்தது. நேராக வரவில்லை, பின்பக்கமாக வந்தது. அலைகள் நுரையை அந்தப் பக்கம் வைத்து, முதுகைக் காட்டிக்கொண்டு, டிரங்க் ரோட்டில் திரும்பி, மெதுவாக ஒதுங்கி ஒதுங்கி வந்து கலீல் ரகுமான் வீட்டுப் படியில் நின்றன. சரியாகப் பத்து மணி. அடுத்த வாரம் தெருவே பெருநாள் போலாயிற்று. ஐயப்பன்தாங்கல் டிப்போவிலிருந்து ஆட்கள் பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு வந்தார்கள். சுண்டல் வந்தது, பலூன் வந்தது, குழந்தைகளை ஏற்ற ஒரு நொண்டிக் குதிரைகூட வந்தது. கண்ணம்மா எண்ணெய்ச் சட்டியோடு முதல் பஸ்ஸில் வந்து இறங்கினாள். "வண்டிய அங்க உட மாட்டேன்றாங்க, சனமும் வர்ல. கடலு மட்டும் இன்னா பண்ணும் அண்ணாத்தே, அதுக்கும் நாலு மன்சாளப் பாக்கோணும்ல?" என்று அடுப்பைப் பற்ற வைத்தாள்.

கலீல் ரகுமான் மட்டும் சிரிக்கவில்லை. நொறுங்கிய முட்டைக்குக் கணக்குத் தீர்க்க வந்திருக்கிறது என்று அவனுக்குப் பட்டது. பயம் என்றால் எலும்புக்குள் போகும் பயம். ஷரீஃபுன்னிசாவை உள்ளறையில் வைத்துக் கதவைத் தாழிட்டான். ஐந்தரை மணிக்குத் தெருவில் நின்ற ஒவ்வொருவரின் உச்சந்தலையிலும் ஜில்லென்று ஏதோ பட்டது. ஆள் மாற்றி ஆள் தொட்டுக்கொண்டே வந்த ஈரம் அவன் வீட்டுக் கதவருகில் வந்து நின்றது. கதவு திறக்கவில்லை. கடல் கிளம்பவும் இல்லை. அன்று ஏழு மணிவரை நின்றது, அடுத்த வாரம் விடியும்வரை, அதற்கடுத்த வாரம் திங்கள் மதியம்வரை. போர் தண்ணீர் உப்புக் கரித்தது, சுவர்கள் அடியிலிருந்து உதிர்ந்தன, பள்ளிக்கூட வேன் திரும்பிப் போனது. வாசல் படியில் ஒரு வாரம் ஆமைக் குஞ்சு ஒன்று கிடந்தது, உயிரில்லாமல். வேடிக்கை பார்த்த வாய்களே இப்போது வசைபாடின.

எதிர்வீட்டு சிவராமன், அடுக்குமாடிச் சங்கச் செயலாளர், நகராட்சிக்கு எழுதிய மனுவில் இதை 'நீர்த்தேக்கம்' என்று குறிப்பிட்டார். ஆனால் விஷயத்தைப் போட்டு உடைத்தவள் கண்ணம்மாதான். "நீ பன்னெண்டு வருசம் அது மின்னாடி நின்னு தல எண்ணுன. அது பாத்துகினுதான இருந்துச்சி. கடசித் தலயத் தொடாம நீ வண்டிய எடுத்திருக்கியா?"

உள்ளறையிலிருந்து ஷரீஃபுன்னிசா, கண்ணம்மா சொன்னது காதில் விழுந்திருக்க வேண்டும், "கதவத் தொறங்க" என்றாள். கலீல் ரகுமான் திறக்கவில்லை. அன்று பகல் முழுக்க இரண்டு பேரும் கதவுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உட்கார்ந்து அழுதார்கள்.

ஒடுக்கத்துப் புதன் வந்தது. சஃபர் மாதத்துக் கடைசிப் புதனில் வீட்டோடு கடலுக்குப் போய்வருவது அவன் வாப்பா காலத்திலிருந்து வழக்கம். அந்த வருடம் தெருவிலிருந்து யாரும் போகவில்லை. ஞாயிறு தவிர வராத கடல் அன்று வந்தது. இந்த முறை படியேறி, கூடத்தைத் தாண்டி, உள்ளறைக் கதவுக்கு அடியில் புகுந்தது. கலீல் ரகுமான் தாழை நீக்கினான். மனைவியைத் தூக்கி வந்து வாசலில் உட்கார வைத்தான்.

"ஒண்ணும் பண்ணாதுங்க. என்னிய எண்ணத்தான் வந்துக்குது" என்றாள்.

"நீ போய்ட்டா?"

"ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம வராமயா பூடுவேன்?"

அவள் கால்கள் தண்ணீருக்குள் போயின. உச்சந்தலை முடி நனைந்து படிந்தது. பிறகு அவள் எழுந்து நின்றாள். பதினோரு வருடத்தில் முதல் தடவையாக. அவன் கையை விட்டுவிட்டு அலையின் முதுகில் ஏறி உட்கார்ந்தாள், பழைய கடைசி சீட்டில் உட்காருவது போலவே, முகத்தைப் பின்னுக்கு வைத்து அவனைப் பார்த்தபடி. கடல் ஐந்தரைக்குக் கிளம்பியது. தெருக்கோடிவரை அவள் பார்வையை எடுக்கவில்லை.

இப்போது ஞாயிறுதோறும் பத்து மணிக்குக் கடலோடு வருகிறாள், ஐந்தரைக்குத் திரும்புகிறாள். கூட்டம் அதிகமானதால் தெரு முனையில் நகராட்சி சங்கிலி போட்டுவிட்டது, வண்டிகள் உள்ளே வருவதில்லை. சிவராமன் வீட்டு மாடியை நாள் வாடகைக்கு விடுகிறார். அவள் முட்டியளவுத் தண்ணீரில் தெருவெல்லாம் நடந்து நலம் விசாரிப்பாள். தண்ணீர் எட்டாத இடத்துக்கு மட்டும் வருவதில்லை. இருந்துவிடு என்று கேட்க அவன் ஒவ்வொரு வாரமும் வாயெடுப்பான். அவள் நடக்கும் நடையைப் பார்த்ததும் கேட்காமல் விட்டுவிடுவான்.

புரட்டாசியில் ஒரு ஞாயிறு, நடக்க முடியாதவர்கள் வீட்டுக்கே பொருள் கொடுக்கும் ரேஷன் கடை ஊழியர் வேம்புலி, கைரேகை மிஷினைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் நடந்து வந்தார். ஷரீஃபுன்னிசாவின் விரல் ஈரமாக இருந்ததால் மிஷின் மூன்று முறை ஏற்கவில்லை. கலீல் ரகுமான் தன் சட்டையால் துடைத்துத் துடைத்து வைத்தான். நான்காம் முறை ஏற்றது. முகவரி மாற்றம் ஏதும் உண்டா என்று வேம்புலி கேட்க, இல்லை என்றாள். அவள் கிளம்பிப் போன பிறகு, அவள் பங்கு அரிசியை அவன் தனி டப்பாவில் கொட்டி, எறும்பு ஏறாமல் மூடி வைத்தான்.