காலிதீனின் கபுறு

மர்ஷூதாவுக்குக் கோபம் வந்தால் சாய்ந்தமருதில் கடலே கொஞ்சம் ஒதுங்கிப் போகும் என்று பகிடியாகச் சொல்வார்கள். அன்று அஸர் தொழுகை முடிந்து அவள் வீட்டுக்கு வந்த மூன்று பேருக்கும் அது மறந்துவிட்டது போலும். இல்லாவிட்டால் படலையைத் திறந்திருக்க மாட்டார்கள்.

பள்ளிவாசல் நிர்வாகத்து மரைக்காயர் முன்னால் வந்தார். பின்னால் மர்ஷூதாவின் தம்பி ஸிராஜ், தலையைத் தொங்கப்போட்டபடி. ஊருக்கு வந்திருக்கும் வெள்ளைக்காரருக்கு மொழிபெயர்க்கும் தர்சிகா என்ற காரைதீவுப் பிள்ளையும் கூட வந்திருந்தாள். மர்ஷூதா முற்றம் கூட்டிக்கொண்டிருந்தாள்.

மரைக்காயர் ஊர் சுற்றித்தான் விஷயத்துக்கு வந்தார். நம் கடலடியில் வெள்ளைக்காரரின் குண்டு போடும் விமானம் ஒன்று கிடக்கிறதாம். எண்பது வருடத்துக்கு முந்திய யுத்தத்தில் விழுந்ததாம். அதில் போன ஒருவனின் எலும்புகளைத் தேடுகிறார்களாம்.

"அதுக்கு என்னட்ட ஏன் வந்த?"

"அந்த எலும்பு நம்மட மையவாடியில இரிக்காம், மர்ஷூதா. காலிதீன்ட கபுறுக்குள்ள. ஸிராஜ்தான் சொன்ன."

விளக்குமாறு நின்றது. கணவன் காலிதீன் கடலுக்குப் போய்த் திரும்பாததால், மூன்று வருடம் அவள் கரையிலேயே கிடந்தாள். பிறகு ஸிராஜின் வலையில் எலும்புகள் ஏறின. மச்சான்தான் என்றான் அவன். ஊர் கூடிக் கபன் துணியிட்டு, ஜனாஸா தொழுது மையவாடியில் அடக்கியது. மர்ஷூதா வெள்ளை உடுத்து, நாலு மாதம் பத்து நாள் வீட்டை விட்டு வெளியேறாமல் இத்தா இருந்தாள். இன்றுவரை வெள்ளிக்கிழமை தவறாமல் அந்தக் கபுறுக்கு யாஸீன் ஓதுகிறாள்.

"எலும்போட இரும்புக் கொளுக்கி வெச்ச வார் ஒண்டும் வந்திச்சி ராத்தா," என்றான் ஸிராஜ். "நம்மட ஆக்கள்ர சாமானில்ல. திருப்பிக் கடல்லயே போட்டுட்டன்."

"ஏன்டா?"

"நீங்க தின்னாமக் குடியாமக் கரையே கதியெண்டு இருந்தீங்க. ஒரு கபுறு இருந்தாலாவது வீட்ட வருவீங்க எண்டுதான்..."

விளக்குமாறு அவன் தோளில் விழுந்தது. மரைக்காயர் படலைவரை பின்வாங்கினார்.

"ஆரோ ஒருத்தனுக்கு என்ன இத்தா இரிக்க வெச்சாயேடா! நான் கடலப் பார்க்கிறத விட்டதே உன்ட கதைய நம்பித்தானே! பாவி!"

தர்சிகா மெல்ல வாயைத் திறந்தாள். "அந்த விமானத்தில போனவர்ர தம்பிர மகள் வந்திருக்கா அக்கா. உடம்பு கிடைக்காத ஆக்கள்ர பேர் வெட்டின சுவர் ஒண்டிலதான் அவர்ர பேரும் இருக்காம். நீங்க ஓம் எண்டாத்தான் தோண்டுவாங்களாம்."

"அவனுக்குச் சுவருமிரிக்கு, எண்பது வருசத்துக்குப் பொறகு தேடிவர ஆளுமிரிக்கு! என்ட ஆளத் தேட ஆரு வந்த? ரெண்டு தோணி போய் அண்டைக்கே திரும்பி வந்திச்சி!"

செத்த வெள்ளைக்காரன்மேலும் அவளுக்கு ஆத்திரம் வந்தது. காலிதீனுக்கென்று ஓதியதையெல்லாம் வாங்கிக்கொண்டு சுகமாகப் படுத்திருக்கிறானே! ஆனால் அவனுக்கும் எங்கோ ஒருத்தி கரை பார்த்து நின்றிருப்பாள் என்று தோன்றியது. அவனைத் திட்டவும் வழியில்லாமல் போய்விட்டது.

"தோண்டுங்க," என்றாள்.

மரைக்காயருக்கு உயிர் வந்தது. "அல்ஹம்துலில்லாஹ்! எடுத்த கையோட மண்ணப் போட்டு மூடிருவம்."

"மண்ணப் போட்டாக் கைய முறிப்பன்! குழி அப்பிடியே கிடக்கட்டும்."

"தொறந்த கபுற எப்பிடி புள்ள..."

மர்ஷூதா தம்பியைப் பார்த்துத்தான் பதில் சொன்னாள்.

"அது என்ட ஆள்ர இடம். அவர் இன்னும் வரல்ல."